பதினோரு வருட மழை

— டிக்... டிக்னு வருது பாரு, அது ஃபேன் இல்லக்கா. கம்ப்யூட்டருக்கு உள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க்கு.

— பல்லி மாதிரி கேக்குது.

— பல்லின்னா பலன் சொல்லும். இது சாவப்போறேன்னு சொல்லுது. எத்தினி நாளா?

— பொங்கல்லேர்ந்து. நீ வருவன்னு பாத்துக்கினு இருந்தேன்.

— விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல கடலா இருக்குது? ஒரு போன் பண்ணியிருந்தா ஜல்தியா வந்திருப்பேன்.

— இன்னிக்கே ரெண்டு மணி நேரம் ஆச்சு உனக்கு.

— விக்கிரவாண்டி டோல்கேட்டுல லாரி... சரி விடு. மாமா பேசினதெல்லாம் இதுலதான இருக்கு?

— எல்லாம். பதினோரு வருசம். தினம் காலையில மாடிக்குப் போயி மழை அளக்கிற டப்பாவப் பாத்துட்டு வந்து மைக்குல சொல்லுவாரு. மழையே இல்லாட்டியும் விடமாட்டாரு. இன்னிக்கு சைபர்னு ஒரு நிமிசம் பேசுவாரு.

— சைபருக்கே ஒரு நிமிசமா?

— பெருமுக்கல் மலை பக்கம் மேகம், பக்கத்து வீட்டு முருங்கை, எல்லாத்தையும் சேத்துப்பாரு. அவரு போயி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு ஆனந்து. அவரு கொரலு இதுல மட்டும்தான்டா இருக்கு.

— அதான் வந்திருக்கேன்ல. வேற எங்கனா காப்பி வெச்சிருக்கியா?

— ம்... வெச்சிருக்கேனே. பென்டிரைவ்ல.

— எங்க அது?

— மல்லாட்டை டப்பாவுல.

— கடலை டப்பாவுலயா!

— சிரிக்காத. பீரோவுல வெச்சா திருடன் எடுப்பான். மல்லாட்டை டப்பாவ யாரு தொறக்கப் போறா?

— நான் தொறப்பேன். குடு... அக்கா, இதுல என்னா செவப்பா?

— குங்குமம். ஆயுத பூசைக்கு வெச்சேன். அவரு இருந்தா வெச்சிருப்பாரு.

— சொருகுற வாயிலயே வெச்சிருக்க... இரு, தொடைக்கிறேன். ம். ஓடுது... ஆனா இதுல ஒண்ணுமே இல்லியேக்கா.

— என்னடா சொல்ற? நானே இழுத்து வுட்டேன். மஞ்சப் பெட்டி, மாமா பேரு போட்டது.

— பெட்டி ஓரத்துல சின்னதா ஒரு அம்பு இருக்குது பாரு. இது ஷார்ட்கட்டு. பெட்டி எங்க இருக்குதுன்னு சொல்ற அட்ரசு, அவ்ளோதான். பெட்டி இன்னும் இந்தக் கத்துற டிஸ்க்குலதான் இருக்கு.

— அப்ப ஒரு வருசமா வெறும் அட்ரசத்தான் மல்லாட்டையோட வெச்சிருந்தேனா?

— பத்திரமா வெச்சிருந்த.

— போடா.

— சரி, கேளு. மூணு எடத்துல இருக்கணும். கம்ப்யூட்டர்ல ஒண்ணு, அதுக்கு வேற டிஸ்க்கு மாத்திடறேன். இந்தா, புதுசா வாங்கியாந்த டிஸ்க்கு, இதுல ஒண்ணு. ஏத்தி முடிச்சதும் இதக் கழட்டி வெச்சிடணும். சொருகியே கெடந்தா, ஒரு இடி எறங்கினா ரெண்டும் சேந்து போயிடும்.

— மூணாவது?

— இந்த வீட்டுக்கு வெளிய. புயலப்போ கூடத்துல முட்டி வரைக்கும் தண்ணி நின்னுதுல்ல? ஒரே வீட்ல பத்து வெச்சாலும் ஒண்ணு வெச்ச மாதிரிதான். மூணாவது எங்க வீட்ல இருக்கட்டும்.

— என்னிக்கு எடுத்துக்கினு போவ?

— அது... பாத்துக்கலாம்.

— நம்ம சங்கவி இன்டர்நெட்டுல போடும்மான்றா. காலேஜ்ல எல்லாரும் அப்படித்தான் வெக்கிறாங்களாம்.

— உம் பொண்ணு சொல்றதும் சரிதான், போடலாம். ஆனா அதை மட்டும் நம்பினா பேஜாரு. நீ இங்க கைதவறி ஒண்ண அழிச்சா, அங்கயும் கொஞ்ச நாள்ல அழிஞ்சிடும். தனியா எடுத்து வெச்சதுதான் வெச்ச மாதிரியே இருக்கும்.

— அப்ப இன்டர்நெட்டே போதுண்டா.

— என்னக்கா, அழிஞ்சா நல்லதுன்ற மாதிரி பேசுற?

— டீ போடட்டுமா?

— இப்ப வேணாம். உக்காரு... ஏறிடுச்சு. ஏறிடுச்சுன்னு நம்பிட்டுப் போவக் கூடாது. நடுவுல ரெண்டு மூணு தொறந்து கேட்டுப் பாக்கணும். இது ஏழு வருசத்துக்கு முந்தி...

— நிறுத்து.

— நிறுத்திட்டேன்.

— ...இல்ல. ஓடட்டும்.

— ம். முருங்கையில கம்பளிப்பூச்சியாம்.

— பிடிச்சுக் கொல்லாதன்னுவாரு அடுத்து... சொன்னேன் பாத்தியா?

— சரி, எண்ணிக்கையப் பாப்போம்... வரிசையா இருக்கு. கடைசி ஒரு நாளு மட்டும் இல்ல. புயல் அன்னிக்குக் காலையில பேசினது.

— அன்னிக்கு அவரு பேசல.

— அக்கா...

— கரெண்டு இல்லடா.

— கரெண்டு பத்து மணிக்குத்தான போச்சு. அதுக்கு முன்னாடியே மாமா எனக்கு போன் பண்ணி, டப்பா ரொம்பிப் போச்சு, பதிவு பண்ணிட்டேன்னாரு.

— ...நான்தான் அழிச்சேன்.

— எப்போ?

— கருமாதி முடிஞ்ச மறுநாளு. போட்டுக் கேட்டேன். அவரு மழை எவ்ளோன்னு சொல்லிக்கினு இருக்காரு, பின்னால நான் கத்துறேன். இந்த மழையில மறுபடியும் மாடிக்குப் போவேன்றீங்களே, போங்க, அங்கயே கெடங்க, எறங்கியே வராதீங்கன்னு... அதோட நிறுத்திட்டேன். மீதியக் கேக்கல. மத்தியானம் மேல போனவரு நெஞ்சப் புடிச்சிக்கினு...

— தெரியும்க்கா.

— சங்கவி எதை வேணா கேக்கட்டும். அதக் கேக்கக் கூடாது. கம்ப்யூட்டர்ல அந்தக் குப்பைத் தொட்டி இருக்குமே, அதையும் காலி பண்ணிட்டேன். அது இனிமே எங்கயும் இல்ல.

— அக்கா... மூணாவது காப்பி ஏற்கெனவே எங்க வீட்ல இருக்கு.

— என்னது?

— கண்ணீர் அஞ்சலி பேனருக்கு மாமா போட்டோ எடுக்கறேன்னு ரெண்டாம் நாளு இதுல உக்காந்தேனே, அப்பவே மொத்தத்தையும் எடுத்துக்கினு போயிட்டேன். உங்கிட்ட சொல்ல வாய் வரல.

— அப்ப... அதுவும் இருக்கா?

— இருக்கு.

— கேட்டியா?

— கேட்டேன். நெறைய தடவ.

— நான் கத்தினதையுமா? இத்தினி நாளு வாயத் தொறக்காம இருந்தவன், அப்படியே இருந்திருக்கலாமேடா.

— நீ முழுசா கேட்டிருப்பன்னு நெனச்சேன். பாதியில நிறுத்தினது இப்பதான தெரியுது. எறங்கியே வராதீங்கன்னு நீ கத்தினதும் மாமா சிரிக்கிறாரு. மைக்க நிறுத்த மறந்துட்டாரு போல. தலைய நீட்டுங்கன்ற நீ... துண்டால தொவட்டுற சத்தம் வருது. அப்புறம் டம்ளர் வெக்கிற சத்தம். இஞ்சி போட்டியான்னு கேக்குறாரு. போட்டிருக்கேன், ஆறிடப் போவுது, குடிங்கன்ற. அதோடதான்க்கா முடியுது.