மறைவுக்குப் பக்கத்தில் ஒரு தேதி

எனக்குக் கடற்கரை ஒத்துக்கொள்வதில்லை, ஐயா. ஒரு நாள் தங்கினாலே உடம்பெல்லாம் பிசுபிசுத்துத் தூக்கம் போய்விடும். கல்லுக்கும் அப்படித்தான். கிருஷ்ணகிரிக் கருங்கல் எதற்கும் அசையாது என்பார்கள். கல் அசையாது, அதைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கம்பி அசைந்துவிடும். உப்புக் காற்றில் துருவேறி ஊதி, கல்லை உள்ளிருந்தே பிளக்கும். அப்படிப் பிளந்து வந்த கல்லறைக் கற்களுக்குத் துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பி மாற்றி, முகத்தை அரைத்து, தேய்ந்த எழுத்தை மறுபடி வெட்டிக் கொடுப்பது என் வேலை.

வேப்பனப்பள்ளி ரோட்டில் பட்டறை. "திம்மப்பன் வெட்டுனா தப்பு இருக்காது" என்று முதலாளி மாதேஸ்வரன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நான் சொல்லச் சொன்னதில்லை. ஆனால் கேட்க நன்றாகத்தான் இருக்கும், அதை மறைப்பானேன்.

வெட்டுகிறவன் வாசிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். தமிழோ கன்னடமோ தெலுங்கோ, எழுத்தின் வளைவைத்தான் பார்ப்போம். வாசித்தால் செத்தவரின் வயது தெரிந்துவிடும். சின்ன வயது என்றால் உளி பிசகும்.

நிர்மலாம்மாவுக்கு நாகப்பட்டினம் பக்கம். ஓசூரில் கம்பெனி வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகள் அனுப்ரியாவோடு அங்கேயே இருந்தார். கணவரை அடக்கம் செய்தது சொந்த ஊர்க் கடற்கரையில். அந்தக் கல் பிளந்துபோய் எங்களிடம் வந்தது. கணவர் பெயருக்குக் கீழே தன் பெயரையும் வெட்டச் சொன்னார். தோற்றம் என்று பிறந்த தேதி, மறைவு என்று மட்டும் போட்டுப் பக்கத்தில் வெற்றிடம். கிறிஸ்தவர்களில் சிலர் அப்படிச் செய்துவைப்பதுண்டு.

போனில் அனுப்பிய செய்தியில் கடைசியாக 'மறைவு' என்று இருந்தது. அதற்குக் கீழ் வரியில் இந்த வருஷத்து நவம்பர் இரண்டு என்று ஒரு தேதி. அது அவர்கள் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற கல்லறைத் திருநாள். அன்றைக்குள் கல் வேண்டும் என்பதற்காகப் போட்டிருக்கிறார். எனக்கு அந்தத் திருநாள் தெரியாது, வாசிக்கிற வழக்கமும் இல்லை. வெட்டிவிட்டேன். எழுத்தில் பொன்வண்ணம் தடவும்போதுதான் கண்ணில் பட்டது. அப்போது தீபாவளியே வந்திருக்கவில்லை, நவம்பருக்கு இன்னும் நாள் இருந்தது.

ஏற்கெனவே அரைத்து மெலிந்த கல், இன்னொரு தடவை அரைத்தால் பழைய விரிசல் வாய் திறந்துவிடும். கல்தூளும் பசையும் குழைத்து அடைக்கலாம். இரண்டு மழைக்காலத்தில் கடல் காற்று அதைப் பெயர்த்துத் துப்பிவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? கல்லைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஸ்டீல் கம்பி இன்னும் வரவில்லை என்று முதலாளியிடம் சொன்னேன். தொழிலில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

இரண்டாம் தேதி தீபாவளி விடுமுறை, பட்டறையில் நான் மட்டும்தான். சாயங்காலம் நிர்மலாம்மா பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் மெழுகுவர்த்தியும் செவ்வந்திப் பூவும்.

"ஊருக்குத்தான் போக முடியல. கல்லு எங்க இருக்கோ அங்கயே ஏத்திட்டுப் போறேண்ணே" என்றார்.

கல்லைத் திருப்பினேன். வாசித்தார். தேதியை விரலால் தடவிப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார்.

"இன்னைக்குத் தேதியப் போட்டுட்டீங்களேண்ணே. நான் இன்னும் இருக்கேனே. சரி போவட்டும், தப்பு யாருக்குத்தான் வராது. புதுக் கல்லே போட்டுக்கலாம். நானே மொதலாளிகிட்ட சொல்றேன்."

திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவ்வளவு கனிவாகத் தப்பு என்று சொன்னதும், முதலாளியிடமும் அதே கனிவோடு சொல்லப் போகிறார் என்பதும் எனக்குத் தாங்கவில்லை.

கல்லைக் கழுவிவிட்டு ஏற்றலாம்மா, பின்னால் பழைய குவாரிக் குழியில் தண்ணீர் இருக்கிறது என்றேன். குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. அவர் குடத்தோடு முன்னால் நடந்தார். விளிம்பில் குனிந்தபோது என் கை அவர் முதுகில் பட்டது. தள்ளினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், எழுதுவது சரியாக இருக்க வேண்டும்.

தண்ணீர் வரைக்கும் அவர் போகவில்லை. பாதியில் ஒரு கல்படியில் விழுந்து கிடந்து "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டார். நான் திரும்பி வந்து கல்லைக் கழுவி, அவர் கொண்டுவந்த பூவை வைத்து மெழுகுவர்த்தியை ஏற்றினேன். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் கல் ஏதும் வைக்காமல் கிரைண்டரை ஓடவிட்டேன். நிறுத்தியபோது சத்தம் நின்றிருந்தது.

விடிந்ததும் ஆடு ஓட்டி வந்த ரங்கம்மா பார்த்து ஆட்களைக் கூட்டியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நிர்மலாம்மாவுக்கு நினைவு வந்ததாம். "கால் வழுக்கிருச்சு. அண்ணன் ஆளக் கூட்டியாரப் போனாரு, பாவம், பயந்துருப்பாரு" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். மத்தியானம் போய்விட்டார். அனுப்ரியா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதிலிருந்து கிரைண்டரை நிறுத்தினால் அந்தக் குரல் கேட்கிறது. அலறல் இல்லை, ஐயா. வந்துகொண்டிருக்கிற ஆளைக் கூப்பிடுவது மாதிரி. எனக்குப் பயமாக இருக்கிறது, சோறு இறங்கவில்லை. ஆனால் அதற்காக நான் இங்கே வரவில்லை.

நேற்று அனுப்ரியா பட்டறைக்கு வந்து கல்லைப் பார்த்தாள். துக்கத்தில் அவசரப்பட்டு வெட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள் போல.

"அம்மா போனது மூணாந்தேதி மாமா. ஆஸ்பத்திரி பேப்பர்லயும் அதான் இருக்கு. தேதி தப்பா இருக்கு, மாத்திருங்க" என்றாள்.

முதலாளி என்னைப் பார்த்தார். "வயசாயிருச்சு திம்மப்பனுக்கு. வேற கல்லு போட்டுரலாம்மா" என்றார்.

இன்று காலையில் முதல் பஸ்ஸிலேயே உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். மூன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் நின்றது மூச்சு மட்டும்தான், ஐயா. நிர்மலாம்மாவின் மறைவு இரண்டாம் தேதி சாயங்காலம். கொன்றவன் நான், எனக்குத் தெரியாதா? கல்லில் இருப்பதுதான் சரி என்று அவர்களுக்கு நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.