பன்னிரண்டு பேரும் ஒரு சுவரும்

— அது வேணாம்மா. அடுத்ததைப் படி.

— ஏன்ப்பா? தொட்டிக் கணக்குதானே. அடியில ஓட்டை இருக்கு, தண்ணி ஒழுகிக்கிட்டே...

— அடுத்ததுன்னா அடுத்தது! உள்ள உங்கம்மாவுக்குக் கட்டியை எடுக்கப் போய் ரத்தம் நிக்கலைங்கறாங்க. நீ இங்க உக்காந்து ஒழுகுது, வடியுதுன்னுக்கிட்டு!

— சரிப்பா, சரிப்பா. கத்தாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க. இதைப் படிக்கிறேன். "எட்டுப் பேர் ஒரு மதில் சுவருக்கு ஆறு நாட்களில் வண்ணம் பூசுகின்றனர். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் எத்தனை நாட்களில் பூசி முடிப்பர்?"

— அட, இது நம்ம தொழிலாச்சே! பெயிண்டர் மக நீ, கண்ணை மூடிக்கிட்டுப் போட வேணாமா? சொல்லு.

— ஒன்பது நாள்.

— என்னது?

— எட்டுப் பேருக்கு ஆறுன்னா, பன்னெண்டு பேருக்கு ஒன்பது.

— அடிப்பாவி! ஆளு கூடினா நாளு குறையுமா, கூடுமா? அப்படி ஒரு கூட்டத்தை நான் வேலைக்குக் கூட்டிட்டுப் போனேன்னா, வீட்டுக்காரர் ஏணியோட சேத்து என்னையும் வெளிய தூக்கிப் போட்டுடுவாரு.

— ஓ... குறையுமோ?

— குறையுமோவாம்! நாளைக்குப் பரீட்சை, கேக்குது பாரு. சரி, படிப்படியா வா. ஒரே ஆளு தனியா நின்னு அந்தச் சுவரை அடிச்சா எத்தனை நாள்? எட்டையும் ஆறையும் பெருக்கு.

— எட்டாறு... நாப்பத்திரண்டு.

— அய்யோ, வாய்ப்பாடுமா மறந்துபோச்சு? போன மாசம் தூக்கத்துலகூட ஒப்பிச்சியே!

— வரலைப்பா. மறுபடி சொல்லித் தாங்க.

— இங்க பாரு. ஏழாறுதான் நாப்பத்திரண்டு. அதோட இன்னொரு ஆறு... இரு, கதவு திறக்குது. சிஸ்டர்! சிஸ்டர், என்னாச்சு?

— வழியை விடுங்க சார். இன்னொரு பாட்டில் ரத்தம் எடுக்கப் போறேன்.

— இன்னொண்ணா? ஏங்க, அவளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?

— டாக்டர் வந்து சொல்லுவாங்க. கதவை மறிச்சுக்கிட்டு நிக்காதீங்க. பாப்பா, அப்பாவைக் கூட்டிட்டுப் போய் உக்கார வை.

— வாங்கப்பா. இப்படி உக்காருங்க.

— இந்தாம்மா, அம்மாவோட கண்ணாடியை நீயே வெச்சுக்க. நான் கீழ போட்டுடுவேன்.

— குடுங்க. ப்பா... எட்டாறு அம்பத்தி நாலுதானே?

— நாப்பத்தெட்டு! நாப்பத்தெட்டு! எத்தனை தடவை சொல்றது? உனக்கு மண்டையில களிமண்ணா இருக்கு? விடிஞ்சா பரீட்சை. உங்கம்மா எழுந்து வந்து, பிள்ளையை இப்படித்தான் படிக்க வெச்சீங்களான்னு கேட்டா நான் என்னன்னு... அவ வந்து கேட்டா...

— ப்பா.

— வந்து கேக்கணுமே.

— ப்பா, பரீட்சை போன வாரமே முடிஞ்சுபோச்சு.

— என்ன சொல்றே?

— நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போறப்ப என்னைக் கிட்டக் கூப்பிட்டாங்கல்ல, அப்பத்தான் காதுல சொன்னாங்க. "உங்கப்பாவைச் சும்மா உக்கார விடாதே, பயந்தே சாஞ்சிடுவாரு. நாளைக்குப் பரீட்சைன்னு சொல்லி, கணக்கை எல்லாம் தப்புத் தப்பாப் போடு. திட்டிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அந்த மனுஷன் நல்லா இருப்பாரு"ன்னாங்க.

— அவளா? உள்ள போற நேரத்துலயா?

— ஆமாப்பா. ஆனா இனிமே என்னால முடியலை. எப்படித் தப்பாப் போடுறதுன்னுகூடத் தெரியலை. எனக்கும் பயமா இருக்குப்பா. அம்மா வந்துருவாங்கல்ல? சொல்லுங்கப்பா, வந்துருவாங்கல்ல?

— அழாதே. அழாதேடா தங்கம். இப்படி வா, என் மேல சாஞ்சுக்க. அந்தப் புஸ்தகத்தைக் குடு. எங்க விட்டோம்?

— என்னால முடியாதுப்பா.

— நீ போட வேணாம், நானே போடறேன். நாப்பத்தெட்டு. அதைப் பன்னெண்டு பேருக்குப் பிரிச்சா... அஞ்சு நாள்.

— நாலு.

— அஞ்சும்மா.

— பன்னெண்டு நாலு நாப்பத்தெட்டு. நாலுதாம்ப்பா! பெயிண்டராச்சே, இதுகூடவா தெரியலை?

— எனக்கு எப்படிப் போட்டாலும் அஞ்சுதான் வருது. நீ கண்ணைத் தொடச்சுக்கிட்டு, முதல்லேர்ந்து ஒவ்வொண்ணா எனக்குச் சொல்லிக் குடு.