பேஸ் கிடார் நெல்வினின் இரண்டு கைகள்

தலைமை ஏற்றிருக்கும் ஆயர் ஐயா அவர்களே, தொழிலாளர் சங்கத் தலைவர் வாஹித் பாஷா அவர்களே, ஷிஃப்டு முடிந்து சீருடைகூட மாற்றாமல் வந்து நிற்கும் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நெல்வினின் மனைவி, தங்கை ஃபீபி அவர்களே! உங்கள் அனைவருக்கும் வேதாசலத்தின் வணக்கம்.

இருபது ஆண்டுகளாக இந்த ஆம்பூரில் மெல்லிசைக் குழு நடத்துகிறேன். மைக் பிடித்து எத்தனையோ பேரை மேடைக்கு அழைத்திருக்கிறேன். இன்று வழியனுப்ப நிற்கிறேன். எங்கள் பேஸ் கிடார் கலைஞர், அருமைத் தம்பி நெல்வின் ஜெயசீலன், முப்பத்தெட்டே வயதில், சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் புறப்படும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழவில்லை.

நெல்வின் இடக்கைக்காரர். தொண்ணூற்றொன்றில், இருபது வயதில், பேஸ் வாங்கச் சென்னைக்குப் போனபோது கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "லெஃப்ட் ஹேண்டுக்கெல்லாம் கிடார் வர்றதில்ல. வலது கையில கத்துக்கோ."

அவர் வலக்கைக் கிடாரையே வாங்கி வந்தார். நான்கு கம்பிகளையும் கழற்றி வரிசையை மாற்றிக் கட்டினார். தடித்த கம்பி, மெல்லிய கம்பிக்கான பள்ளத்தில் உட்காருமா? உட்காரவில்லை. கறிக்கடையில் மாட்டெலும்பு கேட்டு வாங்கி, அரத்தால் ராவி, கம்பி தாங்கும் கட்டையைப் புதிதாகச் செய்தார். புத்தகத்துப் படங்கள் எல்லாம் வலக்கைக்காரருக்கு. அவற்றைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்துப் படித்தார். அந்த ஆண்டே எங்கள் குழுவில் சேர்ந்து, மூன்றே ஆண்டில் அதற்கு அஸ்திவாரமானார்.

அந்த நெல்வினுக்கு நான் என்ன செய்தேன்? சபையிலேயே சொல்லிவிடுகிறேன். குடியாத்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண்ணின் பெரியப்பா மேடைக்கே வந்துவிட்டார். "நல்ல காரியம் நடக்கிற எடத்துல இன்னா இது, பீச்சாங்கையால வாசிக்கிறான்? எறக்கி வுடுப்பா!" நான் வாதாடவில்லை. நெல்வினைத் திரைக்குப் பின்னால் உட்காரச் சொன்னேன். மூன்று மணி நேரம் அங்கிருந்தே வாசித்தார். முடிந்ததும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவரோ வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "அண்ணே, சவுண்டு முன்னாடி கேட்டுச்சா?"

தொண்ணூற்றொன்பதில் அந்த விபத்து நடந்தது. அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில், தோலை அச்சு வைத்து வெட்டும் இயந்திரம் அவருடைய வலது கையின் இரண்டு விரல்களைப் பாதியோடு எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஆறுதல் சொல்கிறேன் என்று, "நல்லவேளை தம்பி, வாசிக்கிற கை தப்பிச்சுது" என்றேன். தங்கை ஃபீபிதான் சொன்னார்: "அண்ணே, அவரு இடது கையால மீட்டுவாரு. கம்பியை அழுத்தி சுரம் புடிக்கிறது அந்த வலது கைதாண்ணே."

எட்டு ஆண்டுகள் பக்கத்தில் நின்று வாசித்தவன் நான்! அந்தக் கை என்ன செய்தது என்று ஒரு நாளாவது கவனித்தேனா?

அவருடைய இடத்துக்கு ஹபீப் என்ற இன்னொரு பேஸ் கலைஞரை அழைத்துக்கொண்டேன். நிகழ்ச்சிகளுக்கு நாள் கொடுத்திருந்தோம். வேறு வழி தெரியவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு நெல்வின் வந்தார். கிடாரில் கம்பிகள் மறுபடியும் மாறியிருந்தன. இப்போது இடது கை சுரம் பிடித்தது. வலது கையின் கட்டைவிரல் மீட்டியது. பிறந்ததிலிருந்து அந்தக் கையால் தன் பெயரைக்கூட எழுதாதவர்! தாளம் தப்பியது. நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். "ஜாஸ்தி பேஜார் பண்ணுதுண்ணே இந்தக் கை" என்று சிரித்தார். யாரோ ஒருவர், "ஒரு வழியா சரியான பக்கத்துக்கு வந்துட்ட" என்றார். நெல்வின் நிதானமாகச் சொன்னார்: "சரியான பக்கம்னு இல்ல. மிச்சம் இருக்கிற பக்கம்."

பழைய வேகம் திரும்பி வந்ததா? இல்லை, வரவே இல்லை. வேகமான பாட்டுக்கு ஹபீப் வாசித்தார். மெதுவான பாட்டுக்கு நெல்வின். ஒரே மேடையில் இரண்டு பேஸ் கலைஞர்களை வைத்திருந்த குழு எங்களுடையதுதான். ஹபீப் வாசிக்கும்போது நெல்வின் நாற்காலியில் உட்கார்ந்து கால் தட்டி ரசிப்பார். அவர் கண்ணில் ஒரு துளி பொறாமையை நான் தேடிப் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. அவரும் மனிதர்தானே! ஆனால் முதல் கைத்தட்டு எப்போதும் அவருடையதாக இருந்தது.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்று. விரல் போன தொழிலாளி எந்த ஆஸ்பத்திரியில் இருந்தாலும் நெல்வின் பஸ் பிடித்துப் போய்விடுவார். தைரியமாக இரு என்று சொல்ல மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "உனக்குப் பழக்கம் எந்தக் கை?" அதைக் கேட்டதும் அழுதவர்கள் உண்டு. அதுவரை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை.

ராணிப்பேட்டையில் தமிழினி என்றொரு பெண், கை நசுங்கிப் படுத்திருக்கிறாள். இந்த வியாழக்கிழமை வருவதாக நெல்வின் அவளிடம் சொல்லியிருந்தார். நாளைதான் வியாழக்கிழமை. காலை ஒன்பது மணி பஸ்ஸில் நானும் ஹபீபும் போகிறோம். வாஹித் பாஷா அவர்கள் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாங்கள் யார், ஏன் வந்தோம் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் முதலில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்போம் தம்பி.