பால் பொங்கிய நேரம்

பால் பொங்குவதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வந்துவிடும், ஐயா. அன்றும் வந்தது. அதைத்தான் எல்லாரும் தப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

என் பெயர் கிறிஷாந்த். மாத்தளை டவுனில் சின்னதாக ஒரு கம்பெனி நடத்துகிறேன். மலைச்சரிவில் புதைத்த கருவிகள், மண் நகர்ந்தால் செய்தி அனுப்பும். அதை வாங்கி, வரிசையில் வைத்து, கீழே லயங்களில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருப்பவர்களின் போனுக்குத் தள்ளிவிடுவது எங்கள் மெசேஜ் புரோக்கர். ஒரு தபால் கந்தோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல கம்பியூட்டர்களைச் சேர்த்துக் கட்டிய கிளஸ்டரில், ஒரு கண்டெய்னருக்குள் அது ஓடும். அந்தக் கண்டெய்னரை அழித்தால் கிளஸ்டர் தானாகவே புதிதாக ஒன்றை எழுப்பிவிடும். என்ன அழகு தெரியுமா. நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

திறப்பு விழாவுக்கு நல்ல நேரம் குறித்திருந்தோம். புதுப் பானை, பாற்சோறு, கொழும்பிலிருந்து விருந்தாளிகள். பால் பொங்கும் நேரம் சுவரிலிருக்கும் பெரிய திரை பச்சையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. என்னிடம் வேலை பார்க்கும் லக்ஷிகா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். ரோஸ்மேல் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்துப் பிள்ளை. அவள் அம்மா பிரின்ஸி இன்னும் அங்கேதான் இருந்தார்.

"சார், டிஸ்க் இன்னும் மாட்டலைங்க. கண்டெய்னர் விழுந்து எழும்புனா உள்ள நிக்கிற மெசேஜ் எல்லாம் போயிரும். ரெண்டு நாள் தள்ளிப் போடுவோமே."

"நல்ல நேரம் நமக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? டிஸ்க்க நாளைக்கு மாட்டிக்கலாம். போய்ப் பானையப் பாரு, புள்ள."

விடிந்ததிலிருந்து மழை விடவில்லை. பானையில் நுரை கட்டும் நேரம் பார்த்து, திரை சிவந்தது. மழையில் சிக்னல் மந்தம், செய்திகள் வரிசையில் தேங்கி நின்றன. கொஞ்சம் பொறுத்திருந்தால் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்திருக்கும். பால் பொறுக்காதே.

ஒன்றைத் திறந்து பார்த்தேன். நான் பொறுப்பில்லாதவன் இல்லை. 'ரோஸ்மேல் மேல் லயம், உடனே வெளியேறுங்கள்' என்றிருந்தது. அந்த வாசகத்தை எழுதியவனே நான்தான். கண்டெய்னரை அழித்தேன். கண்மூடித் திறப்பதற்குள் புதியது எழும்பியது, வரிசை காலி, சுவர் முழுக்கப் பச்சை, அதே நொடியில் பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். எல்லாரும் கை தட்டினார்கள். கால் தரையில் பாவாமல் ஓடி ஓடிப் பரிமாறினேன்.

லயத்து ஆட்கள் ஓடவில்லை. போன் அடித்தால் மட்டும் ஓடுங்கள், மழையைக் கண்டு சும்மா பயப்படாதீர்கள் என்று அவர்களைக் கூட்டிவைத்துப் படிப்பித்ததும் நான்தான். நல்ல சனம், சொன்னதைக் கேட்கும். மண் வந்து மூடியபோது எல்லாரும் காம்பரா அறைகளுக்குள்ளேயே இருந்தார்களாம். பிரின்ஸியும்தான்.

வாசித்தேன், விளங்கியது, அழித்தேன். எதையும் மறைக்கவில்லை. லக்ஷிகா ஏன் என் முகத்தில் விழிக்க மறுக்கிறாள் என்பதுதான் புரியவில்லை. முதல் துண்டுப் பாற்சோற்றை நான் அவளுக்குத்தானே ஊட்டினேன்.