துலுக்கானத்துக்குக் கீழே என் பெயர்

சார், அந்த டீ கிளாஸை மட்டும் புத்தகத்தின் மேல் வைக்காதீர்கள். கறை பிடித்தால் போகாது. ஏற்கெனவே அட்டையில் ஒரு குங்குமக் கறை இருக்கிறது. அதைப் போக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கிளாஸைக் கீழே வையுங்கள், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

என் பெயர் மணவாளன். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் நூலகர். வீடு அயனம்பாக்கம். துலுக்கானம் எங்கள் கல்லூரி வாட்ச்மேன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் அவன் மண்ணூர்பேட்டையில் ஒரு வெள்ளைக்காரருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். போலந்து நாட்டு யூதர். யுத்த காலத்தில் கப்பலேறி வந்தவர், கடைசியில் அங்கே தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு இன்ஜினியரானார். யாக்கோபு துரை என்பார்கள். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. எண்பத்து நாலில் சாகும்போது இந்தப் புத்தகத்தைச் சமையல்காரன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். குரங்கு கையில் பூமாலை என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் இதை முதலில் பார்த்தது துலுக்கானம் வீட்டு ஆயுத பூஜையில். அரிவாள்மணை, சைக்கிள் பம்பு, மகள் பேபியின் தையல் மிஷின், எல்லாவற்றோடும் இதையும் வைத்து, அட்டை நடுவில் சந்தனம் குழைத்துக் குங்குமத்தை அப்பியிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

"இன்னாய்யா இது அக்கிரமம்?" என்றேன்.

"சாமி பொஸ்தகம் சார். பொட்டு வெக்காம உட்டா நல்லாவா இருக்கும்?" என்று சிரித்தான்.

எபிரேய எழுத்து, சார். வலமிருந்து இடமாகப் போகும். நமக்குக் கடைசிப் பக்கம் அதற்கு முதல் பக்கம். அங்கேதான் இதை வைத்திருந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன, அவரவர் கையெழுத்தில், மேலிருந்து கீழாக. துரை சொன்ன கதைகளைத் துலுக்கானம் எனக்குச் சொன்னான். "இந்த ஆளு அவுங்க ஊரு பூசாரி. இவரு தையக்காரரு, கோட்டுக்குள்ள வெச்சி தச்சிகினு ஓடுனாராம். இந்தம்மா மாவுப் பானையில ஒளிச்சி வெச்சிதாம். அப்பால தொரையோட நைனா, அப்பால தொர." துரைக்குக் கீழே தமிழில், பள்ளிக்கூடம் போகாதவன் கோணல்மாணலாக எழுதியது போல, துலுக்கானம்.

வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் எங்கள் கல்லூரிக்கு வந்தபோது துலுக்கானத்தைக் கூட வைத்துக்கொண்டு எடுத்திருந்த சில பக்கங்களின் நகலைக் காட்டினேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கபாலா என்று யூதர்களுக்கு ஒரு மறைஞானம் உண்டாம். ஹசீதியர் என்ற பக்திக் கூட்டத்தார் அதற்கு எழுதிய ஆதி உரைகளில் இது ஒன்று, உலகத்திலேயே சில பிரதிகள்தான் மிச்சம் என்றார். பெயர்கள் உள்ள பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். நகலைத்தான் தடவினார், அதற்கே அப்படி.

பணத்துக்காகச் செய்தேன் என்று எழுதாதீர்கள். இருபத்தைந்து வருஷமாக ஊரார் எழுதிய புத்தகத்துக்கெல்லாம் நம்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். எந்தப் புத்தகத்திலும் என் பெயர் இல்லை. அந்தப் பக்கத்தில் என் பெயர் இருக்க வேண்டும். ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

கேட்டேன். முறையாகத்தான் கேட்டேன். அவன் தரவில்லை.

"இத விக்கக் கூடாது சார். கையால குட்த்து கையால வாங்கணும். வாங்க சரியான ஆளு இல்லன்னா, மன்சன பொதைக்கிற மாரி மண்ணுல பொதைச்சிடணும். தொர சொன்னது."

"நான் சரியான ஆள் இல்லையா?"

"நீ படிச்சவன்தான். ஆனா இத பாக்கசொல்ல உன் கண்ணு, பந்தியில பக்கத்து எலய பாக்கறவன் கண்ணு மாரி கீது சார். கோச்சிக்காத."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. வாட்ச்மேனிடம் யாராவது கோபித்துக்கொள்வார்களா. ஆனால் அன்றிலிருந்து அவன் வைத்த சல்யூட்டுக்கு நான் தலை ஆட்டியதில்லை.

இந்த வருஷம் அவனுக்கு இழுப்பு முற்றிவிட்டது. தனக்குப் பின்னால் பேபியைக் கட்டுகிறவன் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடுவான் என்று பயம். கத்திரி வெயில் சமயத்தில் வந்து, அயனம்பாக்கம் ஏரியில் புதைத்துவிடப் போவதாகச் சொன்னான். "கூட நாலு பேரு நிக்கணும்னு தொர சொன்னாரு. எனுக்கு யார் கீறாங்க? நீ ஒருத்தனாவது வா சார்," என்றான். அவனே கூப்பிட்டான். நான் தேடிப் போகவில்லை.

உச்சி வெயில். ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது. மாடு மேய்க்கிறவன்கூட இல்லை. சட்டையைக் கழற்றி என் சைக்கிள் ஹாண்டில்பாரில் மாட்டினான். இழுப்பு வந்தால் வாயில் வைத்து அழுத்துகிற நீலக் குப்பி அந்தச் சட்டைப் பையில்தான் இருந்தது. கடப்பாரை போட்டுக் கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்கியது. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பையைக் காட்டினான். நான் சைக்கிள் பக்கத்தில்தான் நின்றேன்.

கொஞ்சம் பொறுத்து அவனாகவே புத்தகத்தை நீட்டினான். "எட்த்துக்க சார். மருந்த குடு."

வாங்கிக்கொண்டேன். இப்படிப்பட்ட புத்தகத்தை ஒற்றைக் கையால் வாங்குவது மரியாதையில்லை, இரண்டு கையாலும் வாங்கினேன். இரண்டு கையிலும் புத்தகம் இருக்கும்போது மருந்தை எப்படி எடுத்துக் கொடுப்பது, நீங்களே சொல்லுங்கள்.

அவன் சாய்ந்துவிட்டான். குழி புத்தகத்துக்கு வெட்டியது, அவனுக்குப் போதவில்லை. நான்தான் நீட்டி வெட்டினேன். காலை மடக்கினால் படுக்கலாம் என்கிற அளவுக்கு வந்தது. பழக்கமில்லாத கை, கொப்புளம் போட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, அவன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். அதுதான் விதி.

பேபி வாராவாரம் வந்து அழுதாள். காணவில்லை என்று பேப்பரில் போட நான்தான் எழுதிக் கொடுத்தேன். பாவம், அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கோபமெல்லாம் என் மனைவி தாட்சாயிணி மேல்தான். சரஸ்வதி பூஜைக்கு வீட்டிலுள்ள புத்தகம் ஒன்றுவிடாமல் வைக்க வேண்டுமென்று, பீரோவுக்குப் பின்னால் இருந்த இதையும் எடுத்துப் படத்தின் முன் அடுக்கிவிட்டாள். சுண்டல் வாங்க வந்த பேபி, அட்டையிலிருந்த பழைய குங்குமத்தைப் பார்த்தாள். அவள் கையால் வைத்த பொட்டாம். அப்பன் சொல்லிக் கொடுத்தபடி கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தாள்.

"எங்க நைனா பேருக்குக் கீய உன் பேரு இன்னாத்துக்கு கீது சார்?" என்றாள்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஏரியில் ஒற்றைக் கருவேல மரம் நிற்கும், அதற்குக் கிழக்கே தோண்டுங்கள். மழை பிடிப்பதற்குள் ஆளை அனுப்புங்கள்.

மண்ணைத் தள்ளும்போது அவனுக்கு உயிர் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. கீழே இழுப்புச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. மேலே ஏறி மிதித்துச் சமன் செய்தேன். அப்போது பின்னால் வைத்திருந்த புத்தகத்தில் என் குதிகால் பட்டுவிட்டது. பதறிப்போய்க் குனிந்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சின்ன வயதிலிருந்து அப்படி வளர்ந்தவன் நான்.

கொலை என்று போட்டுக்கொள்ளுங்கள். திருட்டு என்று மட்டும் எழுதாதீர்கள், சார். அவன் கையால் கொடுத்தான், நான் கையால் வாங்கினேன்.