மெதுவாய்ப் போகிற அச்சு

உலகச் சண்டை முடிந்து, பட்டாளத்து லாரிச் சாமான்கள் விலைக்கு வந்த சமயம். சின்னமனூரிலிருந்து மதுரை போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு புருஷன் பெண்சாதி. பழைய காரை வெட்டி மேகமலைக்குச் சரக்கேற்றும் வண்டியாக்கியிருந்தார் அவர். அதன் பின்பக்க அச்சு முறிந்துபோக, வேறு வாங்கப் போகிறார்கள்.

“மெதுவாப் போற அச்சாப் பாத்து வாங்குங்க” என்றாள் அவள்.

“ஏ புள்ள, காரு அச்சுன்னா ரோட்டுல பறக்கும். பட்டாளத்து லாரி அச்சுல இருக்கிற பல்சக்கரத்துக்கு வண்டி நகரவே நகராது.”

“பறந்து என்ன? பாதி மலையில முறிஞ்சு பின்னால உருண்டுச்சே! நான்தான சக்கரத்துக்குக் கல்லு வச்சேன். லாரி அச்சுதான் பாரந் தாங்கும்னு பட்டறைக்காரகளே சொன்னாக.”

“தாங்கும். ஆனா உச்சிக்குப் போகப் பொழுது சாஞ்சிரும்.”

“சாயட்டுமே. வீட்டுல என்கூடப் பேச உங்களுக்கு நேரம் ஏது? இனிமே தெனமும் நானும் வண்டியில வாரேன், பேசிக்கிட்டே போவோம்.”

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். “அப்ப லாரி அச்சே வாங்கிருவோம்.”

மதுரை வரும்வரை அச்சைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. மற்றதெல்லாம் பேசினார்கள்.