பத்தாவது போஸ்டர்

மணி ராத்திரி ஒன்பதே முக்கால். பேரையூர் ரோடு. ஒரே ஒரு ஆளை இறக்கி விட்டுட்டு பஸ் போயிருச்சு. ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம். லைட்டு இல்ல. இறங்கின ஆள் கையில ஒரு பிளாஸ்டிக் வாளி. அதுக்குள்ள ரெண்டு பாட்டில் தண்ணி, சுரண்டுறதுக்கு ஒரு தகரம்.

அந்த ஆள் மலைச்சாமி. நம்ம தமிழ்மாறனோட பெரியப்பா. சந்தேகம்னா அவனையே கேட்டுக்கங்க, அந்தா போர்வைக்குள்ள கிடக்கான். முப்பது வருசம் கண்டக்டரா இருந்தவரு. பேய், பிசாசு நம்பிக்கையே கிடையாது. சில்லறை இல்லைன்னு சொன்னவனையே நம்பாத மனுசன்.

அந்த நேரத்துல அவரு அங்க எதுக்கு வந்தாரு? ஒரு போஸ்டரைக் கிழிக்க.

பசுமலையில ஒரு டீக்கடை. சனிக்கிழமை சாயங்காலம் ஆனா அங்க மூணு பேரு கூடுவாங்க. பழைய டிவி ரசிகர்கள். இப்ப வர்ற சீரியலை மூணு பேரும் பாக்க மாட்டாங்க, அதுல பாசம் இல்லையாம். ஒண்ணு மலைச்சாமி. பெண்டாட்டி போய்ச் சேந்து ஏழு வருசம், மகன் திருப்பூர்ல. ரெண்டாவது, தையக்கடை முத்துமீனா. எந்த மாமியார் எந்த மருமகளுக்கு எத்தனாவது எபிசோட்ல விசம் வச்சான்னு மனப்பாடமாச் சொல்லும். மூணாவது ஜெயபாண்டி. நாப்பது வயசு. டவுன்ல ஒரு அச்சாபீசுல போஸ்டர் டிசைன் பண்றவரு. பேரையூர் ரோட்டோரம் தனி வீடு. கல்யாணம் ஆகல. அம்மா சின்ன வயசுலயே தவறிருச்சு.

மலைச்சாமிக்கு உசுரு கேரியர் கந்தப்பு. ஞாயித்துக்கிழமை காமெடி நாடகத்துல வருவாரு. கையில நாலடுக்குக் கேரியர். எந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சாலும், யாராவது சாப்ட்டியான்னு கேட்டா, வயித்தைத் தடவிக்கிட்டே ஒரே பதில்... "சாப்ட்டாச்சு. இருந்தாலும் வைங்க."

அந்த மூணு பேருக்குள்ள இது சட்டம். யாரு எப்ப சாப்ட்டியான்னு கேட்டாலும் இந்தப் பதிலைத்தான் சொல்லணும். மலைச்சாமிக்கு அது மூச்சு விடுற மாதிரி ஆயிப்போச்சு. அவரு பெண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நர்சம்மா கேட்டதுக்குக்கூட அதைத்தான் சொன்னாராம்.

ஜெயபாண்டிக்கு வைரத்தாய். 'உலைமூடி' சீரியல்ல வர்ற அம்மா. ஆயிரத்து நூறு எபிசோட் அழுத அம்மா. கடைசியில செத்துப் போச்சு. நாலு மகன்ல ஒருத்தனும் கொள்ளி வைக்க வரல. அந்த நடிகருங்களுக்கு வேற சூட்டிங் இருந்திருக்கும், அது வேற விசயம். ஆனா ஜெயபாண்டிக்கு அந்தக் கோபம் இருபது வருசமா ஆறல.

நம்ம ஊர்ல ஒரு மனுசன் இருந்தான்னு எதை வச்சு நம்புவோம்? செத்தா போஸ்டர் ஒட்டணும். வைரத்தாய்க்கு யாரும் ஒட்டல. நாம ஒட்டுவோம்னாரு ஜெயபாண்டி. இருபதாம் ஆண்டு நினைவஞ்சலி. பத்தே போஸ்டர்.

போட்டோவுலதான் சிக்கல். அந்த நடிகை உசுரோட இருக்கு, அது படத்தைப் போட்டா பாவம்னு முத்துமீனா சொல்லிருச்சு. அச்சாபீஸ் கம்ப்யூட்டர்ல 'வேணாம்'னு ஒரு ஃபோல்டர். போஸ்டர் அடிக்கக் குடுத்துட்டு, அப்புறம் திரும்பியே வராதவங்களோட போட்டோ எல்லாம் அதுல கிடக்கும். அதுல ஒரு கிழவி. வெள்ளைச் சேலை, ஒத்தை மூக்குத்தி. யாரும் தேடி வராத படம்தானேன்னு ஜெயபாண்டி அதை எடுத்துப் போட்டாரு.

அடுத்த சிக்கல், கீழ யாரு பேரு? மகன்னு ஒருத்தன் பேரு வேணுமே. மலைச்சாமிக்கு அம்மா இருக்கு. சோழவந்தான்ல தம்பி வீட்டுல, ஆள் அடையாளம் தெரியாமக் கிடக்கு, இருந்தாலும் இருக்கு. முத்துமீனாவுக்கும் அம்மா இருக்கு. உசுரோட இருக்கும்போது பேரு போட்டா ஆகாது. ஆக, அம்மா இல்லாத தகுதி ஒருத்தருக்குத்தான் இருந்துச்சு.

'உன்னை என்றும் மறவாத மகன், ஜெயபாண்டி, பேரையூர் ரோடு.'

அட்ரஸ் வரைக்கும் போட்டாச்சு.

ஒன்பது போஸ்டரைப் பசுமலையைச் சுத்தி ஒட்டினாங்க. பத்தாவதை ஜெயபாண்டி தன் வீட்டுக்கிட்ட இருக்கிற பஸ் ஸ்டாப் சுவத்துல ஒட்டினாரு. மைதாப் பசை. மாடு நக்கித் திங்கக் கூடாதுன்னு அதுல மயில்துத்தம் கலப்பாங்க. நீலமா இருக்கும். விசம்.

அடுத்த சனிக்கிழமை ஜெயபாண்டி வந்தாரு. தலைக்கு எண்ணெய் வச்சு, படிய வாரி. கையில நாலடுக்குக் கேரியர். வாழ்க்கை முழுக்கப் பரோட்டா பார்சல் தின்ன ஆளு.

ஏதுடா கேரியர்னு மலைச்சாமி கேட்டாரு.

"அம்மா கட்டிக் குடுத்துச்சுண்ணே."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அவரு சிரிக்கல. போஸ்டர் ஒட்டின அன்னிக்கு ராத்திரி வாசல்ல யாரோ ஜெயபாண்டின்னு கூப்பிட்டாங்களாம். ஒரே ஒரு தடவை. இவரு, வாரேம்மான்னு சொல்லிட்டாராம்.

முத்துமீனாவுக்கு முகம் வெளுத்துருச்சு. "ராத்திரியில மூணு தடவை கூப்பிட்டாத்தான பதில் சொல்லணும்? ஒத்தக் குரலுக்கு ஏண்ணே பதில் சொன்ன?"

"தெரியும் முத்துமீனா. அச்சாபீசுல தம்பிங்கிறாங்க, இங்க டேய்ங்கிறீங்க, அண்ணேங்கிறீங்க. பேர் சொல்லி ஒருத்தர் கூப்பிட்டு எம்புட்டு வருசமாச்சு... மூணு தடவை கூப்பிடுற வரைக்கும் பொறுக்க முடியல."

அவரு போனப்புறமும் பெஞ்சுல ஒரு வாடை நின்னுச்சு. புளிச்ச மைதா.

அதுக்கடுத்த சனிக்கிழமை அவரு வரல. போனும் எடுக்கல. முத்துமீனா ஒரே முடிவாச் சொல்லிருச்சு. பதினாறாம் நாளுக்குள்ள பத்துப் போஸ்டரையும் கிழிச்சுரணும், இல்லைன்னா அந்த ஆளு நமக்கில்ல. ஒன்பதை ரெண்டு பேரும் சேந்து கிழிச்சாச்சு. பத்தாவதுக்குத்தான் மலைச்சாமி வந்திருக்காரு. அன்னிக்குப் பதினஞ்சாம் நாள். திரும்புற கடைசி பஸ் பத்து நாப்பதுக்கு.

செல்போன் லைட்டைச் சுவத்துல அடிச்சாரு.

போஸ்டர் இருக்கு. எழுத்தெல்லாம் இருக்கு. மகன் பேரு இருக்கு. போட்டோ இருந்த கட்டம் மட்டும்... வெள்ளையா இருந்துச்சு. கிழியல. வெளுக்கல. எந்திரிச்சுப் போன இடம் மாதிரி.

விரல வச்சுப் பாத்தாரு. பதினஞ்சு நாள் வெயில் குடிச்ச பசை, இன்னும் ஈரமா இருந்துச்சு.

தண்ணிய ஊத்திச் சுரண்டினாரு. சர்ர்ர்... சர்ர்ர்... துளி வரல. தகரம்தான் வளைஞ்சுச்சு. சரி, ஆளையாவது இழுத்துட்டுப் போயிருவோம்னு வாளியை அங்கயே வச்சுட்டு வீட்டைப் பாத்து நடந்தாரு.

கதவு திறந்தே இருந்துச்சு. லைட்டு போடல. டிவி மட்டும் ஓடுது. அந்த நீல வெளிச்சத்துல ஜெயபாண்டி தரையில சம்மணம் போட்டு உக்காந்திருக்காரு. கன்னம் ஒட்டிப் போயிருந்துச்சு. மடியில தட்டு. தட்டுல வெள்ளையா ஒரு உருண்டை. ஊடால நீல நீலமாக் கோடு. அதைப் பெசஞ்சு, நிதானமா, ருசிச்சுத் தின்னுக்கிட்டிருக்காரு.

மலைச்சாமி உள்ள பாஞ்சாரு. "டேய் ஜெயபாண்டி. துப்புடா. அது பசைடா."

ஜெயபாண்டி நிமிந்து பாத்தாரு. அப்படி ஒரு நிறைஞ்ச முகத்தை மலைச்சாமி அவர்கிட்டப் பாத்ததே இல்ல. உதடு நீலம் பாரிச்சிருந்துச்சு.

"தயிர்ச்சோறுண்ணே," அப்படின்னாரு. "உக்காருங்க. கந்தப்பு நாடகம்தான் ஓடுது."

மலைச்சாமி அவரு கையைப் பிடிச்சு இழுத்தாரு. அசையல. சுவத்துல ஒட்டின மாதிரி இருந்துச்சு அந்த உடம்பு. இன்னும் பலமா இழுக்கக் குனிஞ்சாரு. அப்பதான் அடுப்படிக்குள்ள... இருட்டுக்குள்ள... வளையல் சத்தம். பாத்திரம் நகர்ற சத்தம். அப்புறம் ஒரு குரல். வயசான குரல். மிரட்டல, அதட்டல. ரொம்ப சாதாரணமா, ரொம்பப் பிரியமாக் கேட்டுச்சு.

"நீ சாப்ட்டியாப்பா?"

ஏழு வருசமா ராத்திரி நேரத்துல யாரும் அவரை அப்படிக் கேட்டதில்ல. அவரு யோசிக்கவே இல்ல. வாய் தானாச் சொல்லிருச்சு.

"சாப்ட்டாச்சு. இருந்தாலும் வைங்க."

டிவியில கூட்டமாச் சிரிச்சாங்க.

அடுப்படியில ஒரு தட்டை எடுத்து வைக்கிற சத்தம். ணங்.

அதுக்கப்புறம் மலைச்சாமி ஓடினதுதான் தெரியும். கடைசி பஸ்ல ஏறி, டிக்கெட் எடுக்காமலே பசுமலை வந்து சேந்துட்டாரு. முப்பது வருச சர்வீஸ்ல இல்லாத அதிசயம்.

மறுநாள் முத்துமீனா நாலு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பாத்துச்சு. ஜெயபாண்டி வீடு வெளிப்பக்கமாப் பூட்டியிருந்துச்சு. உள்ள டிவி ஓடுற சத்தம். பூட்டை உடைச்சாங்க. டிவி ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆள் இல்ல. பஸ் ஸ்டாப் சுவத்துல போஸ்டரும் இல்ல, ஒட்டின தடம்கூட இல்ல. மலைச்சாமி வச்சுட்டு வந்த வாளி மட்டும் இருந்துச்சு, நல்லாக் கழுவிக் கவுத்து.

மலைச்சாமி பெரியப்பா இப்பவும் பசுமலையில தனியாத்தான் இருக்காரு. டீக்கடைக்குப் போறதில்ல. தமிழ்மாறன் போன மாசம் பாக்கப் போயிருக்கான். ஆளு தெளிவா இருந்தாராம். தலைக்கு எண்ணெய் வச்சு, படிய வாரி. ராத்திரி எட்டரைக்கு வாசல்ல யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுறாங்களாம், அவரு பதிலே சொல்றதில்லையாம். காலையில எந்திரிச்சுப் பாத்தா வாசக் கதவுக் கொண்டியில ஒரு நாலடுக்குக் கேரியர் தொங்குமாம். உள்ள என்ன இருக்கும் பெரியப்பான்னு இவன் கேட்டிருக்கான்.

ஒண்ணும் இருக்காதாம். எப்பவும் காலியாத்தான் இருக்குமாம்... வழிச்சுத் தின்ன மாதிரி.